கன்று தேறாததற்கு 'ரத்தம்' காரணமா?

செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஜெர்சி கலப்பின மாடு நாளுக்கு 15 லிட்டர் கறக்கிறது. அதன் கிடேரிக்கன்றுக்கு ஐந்து மாதம். முடி சிலிர்த்து, வயிறு மட்டும் பெருத்து, இடுப்பெலும்பு தெரிய நிற்கிறது. பிறந்த பத்தாம் நாள் கழிச்சல் வந்து பிழைத்தது. தரகர் பார்த்துவிட்டு, ரத்தத்திலேயே கோளாறு, தேறாது, இதைக் கொடுத்துவிட்டு நல்ல எச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன் என்ற கறுப்பு வெள்ளை வெளிநாட்டு இனம்) கிடேரி வாங்குங்கள் என்கிறார். விற்கலாமா? வைத்திருந்தால் தாயைப் போலக் கறக்குமா?"

விற்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது குடற்புழு உள்ள கன்றின் அடையாளம். பத்தாம் நாள் வந்த கழிச்சலும் அதைப் பின்னுக்கு இழுத்திருக்கும். கன்று நோயில் விழுவதிலும் பிழைப்பதிலும் பரம்பரையின் பங்கு மிகக் குறைவு, வளர்ப்பின் பங்குதான் பெரிது. பரம்பரை நோய்கள் இல்லாமல் இல்லை, ஆனால் அபூர்வம். அரசு விந்து நிலையங்களில் முக்கியமான சிலவற்றுக்குக் காளையைச் சோதித்த பிறகுதான் விந்து எடுக்கிறார்கள்.

சரி, சீம்பால் எப்போது கொடுத்தீர்கள்? நீங்கள் எழுதவில்லை, அதனால்தான் கேட்கிறேன். வயிற்றில் இருக்கும்போது தாயின் எதிர்ப்புச் சக்தி கன்றுக்குப் போவதே இல்லை. எல்லாம் சீம்பால் வழியாகத்தான், அதையும் கன்றின் குடல் முதல் 24 மணி நேரம்தான் உள்ளே விடும், அதற்குள்ளேயே மணிக்கு மணி குறைந்துகொண்டு வரும். நம் ஊரில் நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் கறக்கலாம் என்று அரை நாள் காத்திருக்கிறார்கள். இந்தப் பழக்கம் கொன்ற கன்றுகளை நான் எண்ணி முடிக்க முடியாது. அடுத்த ஈற்றில் நஞ்சுக்கொடி விழுந்தாலும் விழாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு லிட்டராவது கன்றின் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும்.

இனி பால். தாய் 15 லிட்டர் கறந்தால் மகளும் 15 கறக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். பாலில் மாட்டுக்கு மாடு இருக்கும் வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பரம்பரையால் வருவது, மீதி தீவனம், தண்ணீர், கவனிப்பு. உங்கள் ஊரில் இதே தீவனத்தில் மற்ற மாடுகள் 10 லிட்டர் கறக்கின்றன என்று வைத்துக்கொண்டால், உங்கள் மாட்டின் கூடுதல் 5 லிட்டரில் ஒன்றரை லிட்டர்தான் அதன் பரம்பரைச் சொத்து. அதிலும் பாதி, அதாவது முக்கால் லிட்டர் அளவுக்குத்தான் கன்றுக்கு வரும்.

மறுபாதியைக் கொடுப்பது காளை. அந்தக் காளை எது என்று உங்களுக்குத் தெரியுமா? உறைய வைத்த விந்து அடைத்து வரும் மெல்லிய குழாயான உறைவிந்துக் குச்சி ஒவ்வொன்றிலும் காளையின் எண் அச்சடித்திருக்கிறது. கருவூட்டல் அட்டையில் அதை எழுத இடமும் இருக்கிறது. நான் பார்க்கும் அட்டைகளில் பெரும்பாலும் அந்த இடம் காலி, அல்லது வெறும் 'ஜெர்சி'. காதில் 12 இலக்க வில்லை மாட்டுகிறார்கள், விவரத்தைப் போனில் ஏற்றுகிறார்கள், ஆனால் மாட்டுக்குச் சொந்தக்காரர் தன் கன்றின் தகப்பன் யார் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. எண் தெரியாததால் இரண்டரை வருடம் கழித்து அதே காளையின் விந்தையே அதன் மகளுக்கும் போட்டுவிடுகிறார்கள், ஊர்க்காளைக்கு விடும் இடங்களில் இது இன்னும் சாதாரணம். அப்படிப் பிறக்கும் கன்றுகளில்தான் சவலையும் சினை பிடிக்காமையும் கூடும். ஊசி போட வருபவரிடம் காலிக் குச்சியைக் கேட்டு வாங்கி, எண்ணை நீங்களே நோட்டில் எழுதுங்கள். கொடுக்கத் தயங்கினால் விடாமல் கேளுங்கள், காசு கொடுப்பது நீங்கள்தான்.

தரகர் காட்டும் எச்.எஃப் கிடேரி விஷயம். மாட்டில் வெளிநாட்டு இனத்தின் ரத்தப் பங்கு 62.5 சதவீதத்துக்கு மேல் போனால் உங்கள் ஊர் வெயிலில் அந்த மாடு மூச்சு வாங்கும், சினை நிற்பதும் சிரமமாகலாம். கிடேரியைப் பார்த்து யாராலும் ரத்த அளவு சொல்ல முடியாது, கறுப்பு வெள்ளை நிறம் அதற்குச் சான்றும் இல்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று. காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடு. கருப்பையில் இரண்டின் ரத்தக் குழாய்களும் ஒன்றாகச் சேர்ந்துவிடும், காளைக்கன்றின் ரத்தம் கலந்து கிடேரியின் கருப்பை வளராமல் நின்றுவிடும். பார்க்க வாட்டசாட்டமாக, சந்தையிலேயே அழகான கிடேரியாக நிற்கும், அதனால்தான் விலையும் போகிறது. கூடப் பிறந்த காளைக்கன்றுக்குப் பெரும்பாலும் குறை இருக்காது. இரண்டும் கிடேரி என்றால் பயமே இல்லை. காளைக்கரு வயிற்றிலேயே கரைந்து, கிடேரி மட்டும் ஒற்றையாகப் பிறந்தாலும் மலடாக இருக்கலாம், அப்போது விற்பவருக்கே தெரியாது. பெண்குறி சிறுத்து, அதன் கீழ்முனையில் முடி நீளமாகக் கொத்தாக இருந்தால் சந்தேகப்படுங்கள். உறுதியாகச் சொல்ல மருத்துவர்தான் சோதிக்க வேண்டும், வீட்டில் பெண்குறிக்குள் குச்சி விட்டு ஆழம் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். இரட்டையா என்று தரகரிடம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார், பிறந்த வீட்டுக்காரரிடமே போய்க் கேளுங்கள். பால் கறக்கும் என்று மூன்று வருடம் தீனி போட்டு, கடைசியில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

உங்கள் கன்றுக்கு இந்த வாரமே சாணியைச் சிறு டப்பாவில் எடுத்துக் கால்நடை மருந்தகத்தில் காட்டி, எந்தப் புழு என்று பார்த்து, எடைக்கு ஏற்ற மருந்து வாங்குங்கள். வைக்கோல் மட்டும் போட்டால் தேறாது. கன்றுக்கான அடர்தீவனம் நாளுக்கு ஒரு கிலோவை இரண்டு வேளையாகப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, கூடவே இளம் பசுந்தீவனமும் கொடுங்கள். நாளுக்கு 400 கிராம் எடை ஏறினால் நல்ல வளர்ச்சி. முதல் சினை ஊசியை வயதைப் பார்த்துப் போடாதீர்கள், தாயின் எடையில் ஐந்தில் மூன்று பங்கு வந்த பிறகு போடுங்கள். இந்தக் கன்றுக்கு அது சில மாதம் தள்ளிப்போகலாம், பரவாயில்லை.