ஃபோர் பேரல் கார்புரேட்டரில் ஏர் வால்வ்: வாசகர் கேள்வி – பதில்

கே: ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர். மெதுவாக மிதித்தால் வண்டி அருமையாகப் போகிறது. ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாகத் தரை வரை அழுத்தினால் ஒரு நொடி மூச்சடைத்து, அதன் பிறகுதான் பாய்கிறது. ஏர் வால்வ் ஸ்பிரிங்கை இறுக்கினால் சரியாகுமா?

ப: சரியானது போலத் தெரியும். ஆனால் பழுது வேறு இடத்தில் இருக்கும்போது ஸ்பிரிங்கில் கை வைத்தால் அதை மூடி மறைத்த மாதிரிதான் ஆகும்.

ஃபோர் பேரல் என்றால் காற்றும் பெட்ரோலும் கலந்து என்ஜினுக்குள் போக நான்கு துளைகள். பிரைமரி இரண்டும் எப்போதும் வேலை செய்யும்; செகண்டரி இரண்டும் அழுத்தி மிதிக்கும்போது மட்டும். பின்பக்கத்து இரண்டு செகண்டரி துளைகள் ஒவ்வொன்றும் 2¼ அங்குல அகலம். முன்பக்கத்து பிரைமரி துளைகள் 1⅜ அங்குலம்தான். செகண்டரியின் அடியில் இருக்கும் த்ராட்டில் தகடுகள் உங்கள் காலோடு சேர்ந்து திறக்கும். அதற்கு மேலே இருக்கும் ஏர் வால்வை எந்தக் கம்பியும் திறப்பதில்லை; என்ஜின் இழுக்கும் காற்றே அதைத் தள்ளித் திறக்கிறது. அது படாரென்று திறந்தால் காற்று உடனே உள்ளே போய்விடும். பெட்ரோல் கனமானது, பின்தங்கித்தான் வரும். அந்த இடைவெளிதான் நீங்கள் உணரும் மூச்சடைப்பு.

வால்வை இரண்டு பொருள்கள் கட்டுப்படுத்துகின்றன. எவ்வளவு காற்றிழுப்புக்குத் திறக்கத் தொடங்க வேண்டும் என்பது ஸ்பிரிங்கின் வேலை. எவ்வளவு வேகத்தில் திறக்க வேண்டும் என்பது சோக் புல்-ஆஃப் டயஃபிரமின் (சிறு கூட்டுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு) வேலை. ஐடிலில் என்ஜின் வேக்யூம் (உறிஞ்சும் இழுப்பு) டயஃபிரமை உள்ளே இழுத்து வைத்திருக்கும். முழுதாக மிதித்ததும் வேக்யூம் விழுகிறது. டயஃபிரம் ஒரு நுண்துளை வழியாகக் காற்றை வாங்கி மெல்லத் தளர்கிறது. அதோடு இணைந்த கம்பி விடும் அளவுக்குத்தான் வால்வும் திறக்க முடியும். ரப்பர் கிழிந்திருந்தாலோ, ஹோஸ் வெடித்திருந்தாலோ, துளை பெரிதாக இருக்கும் வேறு மாடல் டயஃபிரமை மாட்டியிருந்தாலோ வால்வைப் பிடிக்க ஆளில்லை.

என்ஜினை அணைத்துவிட்டு ஹோஸைக் கழற்றுங்கள். டயஃபிரமின் தண்டை முழுதாக உள்ளே அழுத்தி, ஹோஸ் மாட்டும் குழாயை விரலால் அடைத்து, தண்டை விடுங்கள். அப்படியே நிற்க வேண்டும். (சில மாடல்களில் டயஃபிரம் மூடியில் ஒரு சிறு காற்றுத் துளை இருக்கும். அதை டேப் ஒட்டி மறைத்துவிட்டுச் சோதியுங்கள், இல்லாவிட்டால் நல்ல டயஃபிரமையே குறை சொல்வீர்கள்.) விரலை எடுத்ததும் தண்டு வெளியே வர ஒன்று முதல் இரண்டு நொடி எடுத்தால் நல்லது. ‘படக்’கென்று வந்தால் மாற்றுங்கள். நான்கைந்து நொடி எடுத்தால் துளையில் அழுக்கு. அப்போது மூச்சடைப்பு இருக்காது, ஆனால் செகண்டரி தாமதமாக வேலைக்கு வரும்.

டயஃபிரம் முழுதாக உள்ளே இருக்கும்போது, அதன் கம்பிக்கும் வால்வ் லீவரின் காடி முனைக்கும் நடுவே சுமார் 0.015 அங்குல இடைவெளி இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். இடைவெளி இல்லையென்றால் வால்வ் முழுதாக மூடாது. கம்பியை இலேசாக வளைத்துச் சரிசெய்யலாம்.

கே: டயஃபிரம் நல்ல நிலையில் இருக்கிறது. ஸ்பிரிங்கை எப்படி, எத்தனை சுற்று வைப்பது?

ப: ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். ஏர் வால்வ் ஷாஃப்டின் முனையில், பயணி உட்காரும் பக்கம், பக்கவாட்டில் ஒரு காடி வெட்டிய திருகு தெரியும். அதற்கு நேர் கீழே, அடியிலிருந்து அணுகும்படி, அதைப் பூட்டும் குட்டி ஆலன் திருகு. அதற்கு 3/32 அங்குல ஆலன் கீ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம். சிறிய கண்ணாடி ஒன்று வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம்.

முதலில் காடித் திருகின் இப்போதைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் அதை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஆலன் திருகை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். பிடியை விட்டால் ஸ்பிரிங் சர்ரென்று அவிழ்ந்துவிடும். உடையாது, ஆனால் பழைய அளவு போய்விடும். இப்போது வால்வ் தானாகத் தொங்கித் திறக்கும்வரை மெல்ல அவிழ்த்துவிடுங்கள். பிறகு எதிர்த்திசையில் திருப்பிக்கொண்டே வந்தால் வால்வ் மூடும். சரியாக மூடிய அந்தப் புள்ளிதான் பூஜ்யம். அங்கிருந்து எண்ணுங்கள்: பெரும்பாலான குவாட்ராஜெட்டுகளுக்கு ½ முதல் ⅞ சுற்று. உங்கள் மாடலுக்கான அளவு சர்வீஸ் புத்தகத்தில், கார்புரேட்டர் எண்ணின் எதிரே இருக்கும். அந்த எண் டிரைவர் பக்கம் பின்புறத்தில் செங்குத்தாகப் பொறித்திருக்கும். 70 அல்லது 170 என்று தொடங்கும்.

பூட்டியபின், ஸ்பிரிங் முனை ஷாஃப்டின் பின்னைத் தொடும் இடத்தில் ஒரு துளி லித்தியம் கிரீஸ் வையுங்கள். என்ஜின் நன்றாகச் சூடானதும் ஆளில்லாத ஒரே சாலையில், ஒரே கியரில் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ⅛ சுற்று தளர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் மூச்சடைப்பு தலைகாட்டும். அங்கிருந்து ⅛ சுற்று இறுக்கி நிறுத்திவிடுங்கள்.

நியூட்ரலில் முறுக்கிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சுமை இல்லாத என்ஜின் போதுமான காற்றை இழுக்காது. வால்வ் அரைகுறையாகத்தான் அசையும். “செகண்டரி திறக்கவே இல்லை” என்று புகார் செய்பவர்களில் பாதிப்பேர் இப்படி நிறுத்தி வைத்துப் பார்த்தவர்கள்தான்.

கே: இரண்டு சுற்று இறுக்கி வைத்திருக்கிறேன். மூச்சடைப்பு போய்விட்டது, ஆனால் மேல் வேகத்தில் இழுவை இல்லை.

ப: மூச்சடைப்பு போகவில்லை, செகண்டரியே போய்விட்டது. இப்போது நீங்கள் ஓட்டுவது ஏறக்குறைய டூ பேரல். பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

கே: ஸ்பிரிங், டயஃபிரம் இரண்டும் அளவில் இருக்கின்றன. ஆனாலும் முழுதாக மிதித்தால் என்ஜின் செத்துப் பிழைக்கிறது.

ப: காற்று வருகிறது, பெட்ரோல் வரவில்லை. ஏர் வால்வைக் கையால் திறந்து, நடுவில் பாருங்கள். ஷாஃப்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் கேம் (ஷாஃப்டோடு சுழலும் புடைப்பு) இருக்கும். அது ஹேங்கர் என்கிற தகட்டை உயர்த்தும். ஹேங்கரில் தொங்கும் இரண்டு செகண்டரி மீட்டரிங் ராடுகள் (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மெல்லிய கம்பிகள்) ஜெட் என்கிற பெட்ரோல் துளையிலிருந்து மேலெழும். அந்த அளவுக்குப் பெட்ரோல் பாயும். பல வருட வெப்பத்தில் இந்தக் கேம் விரிசல் விட்டு, ஷாஃப்டில் வழுக்கத் தொடங்கும். வால்வ் முழுதாகத் திறந்திருக்கும். ஹேங்கரோ படுத்தபடியே இருக்கும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் நலம்போலத் தெரிவதால் இதைப் பலர் தவறவிடுகிறார்கள். வால்வைத் திறக்கும்போது ஹேங்கர் கூடவே எழுகிறதா, மூடினால் இறங்குகிறதா என்று பத்து முறை ஆட்டிப் பாருங்கள். எழவில்லையென்றால் கேமை மாற்ற வேண்டும்.

கேம் நன்றாக இருந்தால் ராடுகளையும் ஹேங்கரையும் பாருங்கள். ராடின் முனை மெலிதாக இருந்தால் கூடுதல் பெட்ரோல், தடிமனாக இருந்தால் குறைவு. ஹேங்கரில் ஓர் ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். அகர வரிசையில் முன்னே வருபவை ராடை அதிகம் உயர்த்துபவை. யாராவது முன்பு பிரித்துப் பூட்டியபோது வேறொன்றிலிருந்து எடுத்து மாட்டியிருக்கலாம்.

இன்னொன்று, வால்வே பிடித்துக்கொள்வது. மேல்மூடியின் நடுவில், சோக் பக்கம், குழிக்குள் இருக்கும் இரண்டு திருகுகளைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் மூடி வளைந்து ஷாஃப்டைப் பிடிக்கும். அந்த இரண்டையும் சற்றுத் தளர்த்தினால் வால்வ் விடுபடுகிறதென்றால் காரணம் தெரிந்துவிட்டது.

கே: காலையில் முதல் பத்து நிமிடம் செகண்டரி வேலை செய்வதில்லை. பிறகு சரியாகிவிடுகிறது.

ப: பழுதில்லை. சோக் (என்ஜின் குளிர்ந்திருக்கும்போது காற்றைக் குறைக்கும் தகடு) முழுதாகத் திறக்கும்வரை செகண்டரியைப் பூட்டி வைக்க ஒரு லாக்-அவுட் லீவர் இருக்கிறது. சூடான பிறகும் திறக்காவிட்டால்தான் சோக்கைப் பார்க்க வேண்டும்.

கே: இதே முறை கார்ட்டர், ஹோலி கார்புரேட்டர்களுக்கும் பொருந்துமா?

ப: கார்ட்டர் ஏ.வி.எஸ். மாடலுக்குத் தத்துவம் ஒன்றுதான்: ஸ்பிரிங் உண்டு, திருப்பி அமைக்கலாம். அதற்கு மூத்த ஏ.எஃப்.பி.யில் ஸ்பிரிங் இல்லை. எடைக்கட்டி ஒன்றுதான் வால்வை மூடி வைக்கிறது. எடையைத் தேய்த்துக் குறைக்கலாம், திரும்ப ஒட்டவைக்க முடியாது. அதனால் அரத்தை எடுக்கும் முன் யோசியுங்கள். கார்ட்டரின் இன்னொரு மாடலான தெர்மோ-குவாடில் பூட்டும் திருகும் சரிசெய்யும் திருகும் ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பதால் அதற்கென்றே உள்ள கருவி வேண்டும். அதன் நடு உடல் பிளாஸ்டிக் வகை. திருகுகளை அளவோடு இறுக்குங்கள்.

வேக்யூம் செகண்டரி ஹோலியில் ஏர் வால்வே கிடையாது. பக்கவாட்டு டயஃபிரம் கூட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை மாற்றுவதுதான் அங்கே டியூனிங். நிறத்தால் அடையாளம்: வெள்ளை மிக இலகு, சீக்கிரம் திறக்கும், கறுப்பு மிகக் கனம், தாமதமாகத் திறக்கும். கூட்டைக் கழற்றும்போது வேக்யூம் வழியில் இருக்கும் சிறு எஃகு குண்டு கீழே உருண்டுவிடும், கவனம். திறக்கும் வேகத்தை மட்டுப்படுத்துவது அந்தக் குண்டுதான். அதை எடுத்துவிட்டால் செகண்டரி சீக்கிரம் திறந்து, முதல் கேள்விக்கே திரும்பி வருவீர்கள்.