வரவேண்டிய கணக்கு

அன்புள்ள ஐயா,

இணையச் சூதாட்டத்தில் இரண்டரை ஆண்டுகளாகச் சிக்கியிருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு தளத்தில், என்னை ஆட விட வேண்டாம் என்று நானே கேட்டு, 6 மாதத்துக்குத் தன்விலக்கு செய்துகொண்டேன். மூன்று வாரத்துக்குள் வேறொரு தளத்தில் கணக்குத் தொடங்கிவிட்டேன். நான் கணிதம் படித்தவன், நிகழ்தகவு எனக்குத் தெரியும், ஆனாலும் நிறுத்த முடியவில்லை. இழந்த தொகை முழுவதையும் தேதிவாரியாக ஓர் எக்செல் கோப்பில் குறித்து வைத்திருக்கிறேன். மனைவிக்கு இது தெரியாது. இம்முறை எல்லாத் தளங்களுக்கும் சேர்த்து விலக்குப் பதிவு செய்யலாம் என்றிருக்கிறேன். 6 மாதமா, ஓராண்டா, 5 ஆண்டா என்பதுதான் குழப்பம். விட்டதில் பாதியையாவது பிடித்துவிட்டால் 5 ஆண்டுக்கே பூட்டிவிடுவேன். தன்னைத் தானே பூட்டிக்கொள்வது கோழைத்தனம் ஆகாதா என்ற உறுத்தலும் இருக்கிறது.

(பெயர் நீக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் என் அப்பாவின் பெட்டியை ஒழுங்குசெய்துகொண்டிருந்தேன். அவர் இறந்து ஓராண்டு ஆகிறது. பெட்டியின் அடியில் ஒரு சிறு குறிப்பேடு கிடைத்தது. அது கிடைத்திராவிட்டால் உங்களுக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருப்பேன்.

சிறிய கேள்விகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். பூட்டிக்கொள்வது கோழைத்தனமா என்பதை விவாதிக்க எனக்கு விருப்பமில்லை. கதவைத் தாழிட்டுத் தூங்குகிற எவரும் தம் வீரத்தைச் சந்தேகிப்பதில்லை. நிகழ்தகவு தெரியும் என்கிறீர்கள். நீரிழிவைப் பற்றி எல்லாம் தெரிந்த மருத்துவருக்கும் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

சென்ற ஆண்டின் விலக்கு ஏன் பலிக்கவில்லை என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. ஒரு வாசலை மட்டும் அடைத்துவிட்டு, தெருவிலிருந்த மற்ற வாசல்களை எல்லாம் திறந்து வைத்திருந்தீர்கள். இந்த ஓட்டையை அடைக்கத்தான் சில நாடுகள் பொதுப் பதிவேடுகளை ஏற்படுத்தின. ஸ்வீடனில் 2019 ஜனவரியில் ஸ்பேல்பவுஸ் வந்தது. பிரிட்டனில் உரிமம் பெற்ற இணையச் சூதாட்ட நிறுவனங்கள் அனைத்தும் 2020 மார்ச் 31 முதல் கேம்ஸ்டாப் என்ற பதிவேட்டில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று விதியானது. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று கால அளவுகளும் அங்கே உள்ளவைதாம். தேர்ந்தெடுத்த காலம் முடியும்வரை நீங்களே கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள். முடிந்த பிறகும் அது தானாகத் திறந்துகொள்ளாது, நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். 2023 ஆகஸ்டில் தொடங்கிய ஆஸ்திரேலியாவின் பெட்ஸ்டாப்பில் மூன்று மாதம் முதல் வாழ்நாள் முழுவதும் வரை விலக்கிக்கொள்ளலாம். உரிமமில்லாத தளங்கள் எந்தப் பதிவேட்டுக்கும் கட்டுப்படாதவை. விலக்கிக்கொண்டவர்களும் எங்களிடம் ஆடலாம் என்பதையே விளம்பரமாக்கி உங்களைப் போன்றவர்களைத் தேடிப் பிடிப்பவை. அவற்றைக் கைப்பேசியிலும் கணினியிலுமே தடுக்க கேம்பேன், பெட்பிளாக்கர் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. சூதாட்டத்துக்குப் பணம் போகாமல் அட்டையை நிறுத்திவைக்கும் வசதியைத் தரும் வங்கிகளும் உண்டு. அதை நீக்கச் சொன்னால் சில வங்கிகள் 48 மணி நேரம் காக்க வைக்கின்றன. அந்தக் காத்திருப்பில்தான் அதன் உயிர் இருக்கிறது, ஏனென்றால் நள்ளிரவில் திறக்கச் சொன்ன மனிதரும் மறுநாள் காலையில் எழுந்திருக்கும் மனிதரும் ஒருவரல்லர். பதிவேடு, மென்பொருள், வங்கித் தடை மூன்றையும் சேர்த்தே போடுங்கள்.

இவ்வளவும் நீங்களே தேடிப் படித்திருக்கக் கூடியவை. என்னை எழுத வைத்தது உங்கள் கடிதத்தின் வேறொரு வரி. "விட்டதில் பாதியையாவது பிடித்துவிட்டால்" என்று எழுதும்போது உங்கள் கை கூசவில்லையா? எதைப் பிடிக்கப் போகிறீர்கள், அது எங்கே உங்களுக்காக நின்றுகொண்டிருக்கிறது? 37 எண்கள் கொண்ட ரூலெட் சக்கரத்தில் எல்லா எண்களிலும் ஒவ்வொரு நாணயம் வைத்தால், வென்ற எண்ணுக்கான 35 நாணயங்களும் அதில் வைத்த ஒன்றுமாக 36 திரும்பி வரும். மிச்சம் ஒன்று நடத்துபவருக்கு. ஒவ்வொரு சுற்றிலும் அதே கணக்குதான். நேற்று உங்களிடம் வாங்கியது அந்தச் சக்கரத்துக்கு நினைவில்லை. நினைவில் வைத்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறி கையேடு சூதாட்டக் கோளாறைப் போதை அடிமைநோய்களோடு ஒரே பிரிவில் சேர்த்தது. அதற்கு அது தரும் 9 அறிகுறிகளில் ஒன்று, தோற்றவர் அதை மீட்பதற்காக மற்றொரு நாள் திரும்பி வருவது. நீங்கள் திட்டம் என்று எழுதியிருப்பதன் பெயர் அங்கே நோய்க்குறி. அதனால் ஓர் உளமருத்துவரையும் பாருங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

என் அப்பா சீட்டாடியவர். அமெரிக்காவின் மிசூரி மாநிலம் 1996இல், சூதாட்ட விடுதிகளுக்குள் தம்மை விடவே கூடாது என்று கேட்டுக்கொள்பவர்களுக்காக வாழ்நாள் பட்டியல் ஒன்றைத் தொடங்கியது. அதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பே அப்பா, ஆடும் இடத்தை நடத்தியவரிடம் போய், தான் வந்தால் உள்ளே விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். அடுத்த மாதமே வேறோர் இடத்தைக் கண்டுபிடித்தார். பிறகு பணப்பெட்டியின் சாவியை அம்மாவிடம் கொடுத்து, நானே கேட்டாலும் தராதே என்றார். பதினோரு நாள் அம்மா தரவில்லை. பன்னிரண்டாம் நாள் இரவு அவர் கெஞ்சவில்லை, கோபப்படவுமில்லை. அமைதியாக ஒரு கணக்குச் சொன்னார். இவ்வளவு போயிருக்கிறது, இவ்வளவு வந்தால் போதும், வந்ததும் எழுந்துவிடுவேன் என்றார். போர்வைக்குள் விழித்துக் கிடந்த எனக்கே அது நியாயமாகப் பட்டது. அம்மா சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

அந்தக் கணக்குதான் இப்போது கிடைத்த குறிப்பேட்டில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் தோற்ற தொகை, அதன் கூட்டல், அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோன தொகை. அவர் கணக்கெழுதிப் பிழைத்தவர். இழப்பை எந்தத் தலைப்பின்கீழ் எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரியாதிருக்க வழியில்லை. இருந்தும் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் 'வரவேண்டியது' என்று எழுதியிருக்கிறார், யாரோ அவரிடம் கடன் வாங்கிப் போயிருப்பதைப் போல. கடைசிப் பக்கத்தில் அந்தச் சொல்லின்மீது ஒரு கோடு கிழிக்கப்பட்டு, அருகில் அம்மாவின் கோணல் எழுத்தில் 'செலவு' என்றிருக்கிறது. அம்மா இதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. அந்தக் கோட்டினால்தான் அவர் நிறுத்தினார் என்று கதை கட்ட மாட்டேன். அந்தத் தேதிக்குப் பிறகும் இரண்டு முறை போனது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் குறிப்பேட்டில் அதன்பின் ஒரு வரிகூட இல்லை.

உங்கள் எக்செல் கோப்பின் தலைப்பு என்ன? நீங்கள் என்ன பெயரிட்டிருந்தாலும் சரி, மனத்துக்குள் அது வரவேண்டியதுதான். பூட்டு எத்தனை போட்டாலும், உள்ளே ஒரு பாக்கி வசூலாகாமல் நிற்கும்வரை வசூலிக்கப் போகிறவர் வழி கண்டுபிடித்துவிடுவார். பாதி வசூலானால் நின்றுவிடுவேன் என்று நீங்கள் சொல்வீர்கள். தருமனுக்கு முழுவதுமே திரும்பக் கிடைத்ததே! முதல் ஆட்டத்தில் தோற்ற நாடும் தம்பியரும் மனைவியும் திருதராட்டிரன் தயவால் மீண்டு, ஊருக்குத் திரும்பும் வழியில் மறுபடியும் அழைப்பு வந்தபோது அவன் தேரைத் திருப்பினான். பன்னிரண்டு ஆண்டுக் காடும் ஓராண்டு மறைவாழ்வும் அந்த இரண்டாம் ஆட்டத்தில் வந்தவை.

மனைவிக்குத் தெரியாது என்பதை ஒரே வரியில் எழுதிக் கடந்துபோகிறீர்கள். அந்தப் பணத்தில் பாதி அவருடையது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 'செலவு' என்ற சொல்லைத் தோற்றவரால் தன் கையால் எழுத முடிவதில்லை. என் அப்பாவைப் போன்ற கணக்காளராலேயே முடியவில்லை. இன்றிரவு கோப்பைத் திறந்து மனைவியிடம் காட்டுங்கள். திட்டுவார், அழுவார், சில நாள் பேசாமலும் இருக்கலாம். நீங்கள் இரண்டரை ஆண்டுகளாகத் தனியாகச் சுமந்ததைவிட அது கனமாக இருக்காது. அதன் பிறகு, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது பதிவு செய்யுங்கள்.

எத்தனை காலம் என்று கேட்டிருந்தீர்கள். 5 ஆண்டு, நாளைக்கே.