ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை: அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கேள்வி: என் தங்கை மகனுக்கு ஆறு வயது. ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய் என்று பெங்களூரு கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சிகிச்சை ஆரம்பித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு வீட்டை புரோக்கர் காட்டினார். வாடகை 9,000, அட்வான்ஸ் 60,000, பதினொரு மாத அக்ரிமென்ட். இன்றைக்கே பணம் கட்டினால்தான் வீடு என்கிறார். எடுத்துவிடலாமா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: இன்றைக்கு வேண்டாம். முதலில் ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் யாரென்று விசாரித்து, தங்குமிடத்துக்கு அவரைப் பாருங்கள். கித்வாய் வளாகத்திலேயே வெளியூர் நோயாளிகளுக்காக இன்ஃபோசிஸ் அறக்கட்டளை கட்டிய தர்மசாலை என்ற தங்குமிடம் இருக்கிறது. சென்னையில் சிகிச்சை என்றால் செயின்ட் ஜூட் இந்தியா, ஆக்சஸ் லைஃப் போன்ற அமைப்புகள் புற்றுநோய்க் குழந்தையையும் பெற்றோரையும் இலவசமாகத் தங்கவைக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில் நேரே போய்க் கதவைத் தட்டினால் பெரும்பாலும் இடம் கிடைக்காது. சிகிச்சை நடக்கும் ஆஸ்பத்திரியின் கடிதம் கேட்பார்கள். காத்திருப்போர் பட்டியலும் இருக்கும். டிஸ்சார்ஜ் அன்று ஓடாமல், பிள்ளை வார்டில் இருக்கும்போதே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

இலவச இடம் கிடைக்கவில்லை, வாடகைதான் என்றாலும் பதினொரு மாதம் எதற்கு? ஏ.எல்.எல். சிகிச்சை மொத்தமாக இரண்டு, இரண்டரை வருடம் இழுக்கும். ஆனால் அதில் கடுமையான பகுதி முதல் சில மாதங்கள்தான். அதற்குப் பிறகு வீட்டில் மாத்திரை, அவ்வப்போது பரிசோதனை. காவேரிப்பட்டணத்திலிருந்து பெங்களூரு சுமார் நூறு கிலோமீட்டர். நம்ம ஊர் பஸ்ஸும் ஓசூர் ரோடு வழியாகத்தான் போகிறது, கித்வாயும் அதே ரோட்டில்தான். அந்த மாத்திரைக் கட்டம் வந்ததும் காலையில் கிளம்பி இரவு திரும்பிவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆறாவது மாதம் காலி செய்கிறோம் என்றால் அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள்? பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைக் கழிப்பது அங்கே சகஜம். 'ஒரு மாதம் முன்பு சொன்னால் போதும், அட்வான்ஸ் திரும்ப வரும்' என்று அக்ரிமென்ட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் மாத வாடகை அறையே மேல், வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

வீட்டைப் பார்க்கப் போகும்போது டைல்ஸையும் பெயின்ட்டையும் விடுங்கள். குளியலறை உங்களுக்கு மட்டும்தானா? அடுப்பு வைத்துச் சமைக்க விடுவார்களா? கீமோவில் இருக்கும் பிள்ளைக்கு அப்போதே ஆக்கிய சூடான சோறுதான் பாதுகாப்பு, ஓட்டல் சட்னியை நம்ப முடியாது. மொட்டை மாடித் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். பக்கத்துப் போர்ஷனில் யாருக்காவது அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம், இந்தப் பிள்ளைகளுக்கு அது ஆபத்து. தெருமுனையில் ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோ கிடைக்குமா என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காமல் ஆட்டோக்காரரிடமே கேளுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும் வரை காத்திருக்க முடியாது, உடனே ஆஸ்பத்திரிதான். ஐந்து கிலோமீட்டர் தள்ளி வாடகை குறைவு என்று புரோக்கர் சொல்வது அந்த ராத்திரியில் லாபமாகத் தெரியாது.

கேள்வி: இலவச அறைக்கு 3,000 ரூபாய் பதிவுக் கட்டணம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு நம்பர் வந்தது. அனுப்பிவிட்டேன். இப்போது போனை எடுப்பதில்லை.
- வாசகி, பென்னாகரம்

பதில்: முதலில் 1930-க்குப் போன் போடுங்கள். சைபர் மோசடிக்கான எண் அது. சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கையில் இருக்கட்டும். தர்மசாலைகளில் சிறு தொகை வாங்குவது உண்டுதான். ஆனால் அது அங்கே போய், ரசீது வாங்கிக் கட்டுகிற பணம்.

கேள்வி: வேலூரில் ஒரு லாட்ஜில் பிள்ளையோடு தங்கினோம். காலி செய்தபோது டெபாசிட்டைத் தரவில்லை. அங்கேயே போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா?
- வாசகர், தர்மபுரி

பதில்: வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு முன் நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு ஒரு போன் செய்து பாருங்கள், சில லாட்ஜ்காரர்கள் அதிலேயே இறங்கி வந்துவிடுவார்கள். ரசீது இருக்கிறதுதானே? இலவசமாகத் தங்கிய இடத்தின் மேல் இந்தச் சட்டத்தில் போக முடியாது, காசு வாங்கிய சேவைக்குத்தான் இது.

கேள்வி: புற்றுநோய் சிகிச்சைக்குப் போக ரயில் சலுகை உண்டா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்கு ஒருவருக்கு 75 சதவீதம். இரண்டாம் வகுப்பு என்றால் இருவருக்கும் 75. ரயில்வே படிவத்தில் ஆஸ்பத்திரி சான்று வாங்கிக்கொண்டு கவுன்டரில் டிக்கெட் எடுங்கள்.