கழுத்துக் கடைசல் கருவி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மாண்ட்ரல்

.308 வின்செஸ்டர் இலக்குத் துப்பாக்கிக்குத் தாமே தோட்டா மறுநிரப்பும் வாசகர் ஒருவர், தம் பித்தளைக் கூடுகளின் கழுத்துச் சுவர் (குண்டைப் பிடித்திருக்கும் வாய்ப்பகுதியின் சுவர்) ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் 0.0015 அங்குலம் வரை வேறுபடுவதாக எழுதியிருக்கிறார். அதைச் சீராக்க, கழுத்தின் வெளிப்புறத்தைச் சீவும் சாதாரணக் கடைசல் கருவியே போதுமா, அளவு டயல் பொருத்திய விலை கூடிய கருவிதான் வேண்டுமா என்பது அவர் கேள்வி.

டயல் வேலையை எளிதாக்கும். ஆனால் துல்லியம் அதிலிருந்து வருவதில்லை. கழுத்துக்குள் நுழையும் உலோகத் தண்டான மாண்ட்ரலுக்கும் வெளியே சீவும் வெட்டலகான கட்டருக்கும் இடையே உள்ள இடைவெளிதான் கடைசலுக்குப் பின் எஞ்சும் சுவரின் தடிமன். மாண்ட்ரல் தளர்வாக இருந்தால் கூடு ஆடி, சுவர் மீண்டும் கோணலாகவே அமையும். இறுக்கமாக இருந்தால் உராய்வில் சூடேறிப் பித்தளை அதன்மேல் அப்பிக்கொள்ளும். ஆகவே ஒரே தயாரிப்பாளரின் விரிப்பு மாண்ட்ரலையும் (கடைசலுக்கு முன் கழுத்தை விரித்து அளவாக்குவது) கடைசல் மாண்ட்ரலையும் ஜோடியாகவே வாங்குங்கள். விரித்த பித்தளை சற்றே சுருங்கிவிடும் என்பதால், முன்னது பின்னதைவிட ஏறத்தாழ 0.001 அங்குலம் பெரிதாக இருக்கும். எஃகைவிடக் கார்பைடு மாண்ட்ரலில் பித்தளை குறைவாகவே ஒட்டும். எதுவானாலும் ஒவ்வொரு கூட்டுக்கும் மசகு தடவுங்கள். கருவி சூடானால் வெட்டின் அளவு மாறும் என்பதால் இடையிடையே ஆறவிடுங்கள்.

அடுத்து, கட்டரின் சாய்வு உங்கள் தோட்டாவின் தோளுக்கு, அதாவது கழுத்துக்குக் கீழே கூடு அகலும் சரிவுக்கு, பொருந்த வேண்டும். .308-க்கு அது 20 பாகை. 6 PPC போன்ற பெஞ்ச்ரெஸ்ட் (துப்பாக்கியை மேசைமேல் தாங்கி வைத்துச் சுடும் போட்டி) தோட்டாக்களுக்கு 30 பாகை. வெட்டு தோளின் தொடக்கத்தைச் சற்றே தொட்டு நிற்காவிட்டால், கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் தடித்த வளையம் ஒன்று எஞ்சி, பின்னர் உள்நோக்கிப் பிதுங்கும். பல கருவிகளில் கூட்டின் வாய் தடுப்பில் முட்டித்தான் வெட்டு நிற்கிறது என்பதால், கூடுகளை முதலில் ஒரே நீளத்துக்கு வெட்டிக்கொள்வது கட்டாயம்.

எவ்வளவு சீவுவது என்பதைத் துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையே தீர்மானிக்கிறது. தொழிற்சாலை .308 அறையின் கழுத்து சுமார் 0.344 அங்குலம், 0.014 அங்குலச் சுவர் கொண்ட தோட்டாவின் கழுத்து குண்டோடு சேர்த்து 0.336 அங்குலம். இடைவெளி ஏற்கெனவே தாராளமாக இருப்பதால், உங்களுக்கு வேண்டியது மேடுகளை மட்டும் நீக்கும் மெல்லிய சீவல். சுற்றளவில் முக்கால் பங்கு பளிச்சிட்டதும் நிறுத்திவிடலாம். இறுக்கமான கழுத்து கொண்ட அறையின் கதை வேறு. அங்கே மொத்தம் 0.002 அங்குலமாவது இடைவெளி விடாவிட்டால், கழுத்து விரிந்து குண்டை விடுவிக்க இடமின்றி அழுத்தம் அபாயகரமாக உயரக்கூடும். இதில் ஊகத்துக்கு இடமே கொடுக்காதீர்கள்.

எனவே என் பரிந்துரை: நல்ல மாண்ட்ரல் ஜோடியுடன் சாதாரணக் கருவியை வாங்கி, மீதிப் பணத்தை 0.0001 அங்குலம் வரை காட்டும் உருண்டைமுனை மைக்ரோமீட்டருக்குச் செலவிடுங்கள். ஒரே கழுத்தை நான்கு இடங்களில் அளக்காமல் எந்தக் கருவியின் வேலையையும் மதிப்பிட முடியாது. சுவரில் 0.001 அங்குலம் குறைந்தால் கழுத்தின் வெளிவிட்டம் 0.002 அங்குலம் குறையும். புஷிங் டை (மாற்றக்கூடிய வளையத்தால் கழுத்தைக் குறுக்கும் அச்சு) பயன்படுத்துபவராக இருந்தால், குண்டின் பிடிமானம் தளராதிருக்க அதே அளவு சிறிய புஷிங்கையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.