எலும்பைத் திறக்காமலே அளக்க முடியுமா?

கேள்வி: என் தந்தைக்கு இடுப்பெலும்பின் பின்பகுதியில் முறிவு. கணினி வழிகாட்டலுடன் ஸ்குரூ பொருத்தலாம் என்கிறார் மருத்துவர். அதற்கு எலும்பைத் திறந்து, தொட்டு அளக்க வேண்டியிருக்குமாம். அல்ட்ராசவுண்ட் இருந்தால் திறக்கவே வேண்டாம் என்று கேள்விப்பட்டோம். அதைக் கேட்டுப் பெறலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் அது எந்த வெட்டைக் குறைக்கிறது என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

கணினியிடம் இருப்பது முன்பே எடுத்த சி.டி. ஸ்கேன். மேசையில் உங்கள் தந்தை எப்படிப் படுத்திருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. இரண்டையும் பொருத்திவைக்க, கூர்முனைக் கருவியால் எலும்பின் மேற்பரப்பைப் பல இடங்களில் தொட்டுக் காட்டுவது பழைய வழி. தொட வேண்டுமானால் தசையை விலக்கியாக வேண்டும். ஸ்குரூவுக்குச் சிறு துளை போதும், அளப்பதற்குப் பெரிய வெட்டு வேண்டும் என்பது வேடிக்கைதான்.

அல்ட்ராசவுண்ட் அந்த வெட்டைத் தவிர்க்கிறது. அல்ட்ராசவுண்ட் கருவியின் மேல் பொருத்திய சிறு உருண்டைகளை அகச்சிவப்புக் கேமரா கவனித்துக்கொண்டே இருக்கும். தோலின் மேல் கருவியை நகர்த்தும்போது எலும்பின் பரப்பு பளீரென்ற கோடாகத் தெரியும். அதற்குப் பின்னால் வெறும் நிழல். அந்தக் கோடுகளிலிருந்து எடுத்த புள்ளிகளை, சி.டி. வடிவத்தோடு இடைவெளி மிகக் குறையும் வரை கணினி நகர்த்தியும் திருப்பியும் பார்க்கும். இதில் கதிர்வீச்சு இல்லை.

சிக்கல் கொழுப்பில் இருக்கிறது. எதிரொலி திரும்பிவரும் நேரத்தை வைத்துத்தான் கருவி ஆழத்தைச் சொல்கிறது. அதற்கு, உடலுக்குள் ஒலி விநாடிக்கு 1540 மீட்டர் செல்வதாகவே கணக்கிடும். கொழுப்பில் அது ஏறத்தாழ 1450தான். எலும்புக்கு மேல் 40 மி.மீ. கொழுப்பு இருந்தால், எலும்பு 42 மி.மீ.க்கும் சற்று அதிக ஆழத்தில் இருப்பதாகக் காட்டும். நரம்புகளுக்கு நடுவே போகும் ஸ்குரூவுக்கு இரண்டு மில்லிமீட்டர் சின்ன விஷயமல்ல. ஒலி எலும்பில் சாய்வாக விழுந்தாலும் கோடு மங்கிவிடும்.

உங்கள் தந்தையின் நிலையில் நான் முதலில் கேட்பது வேறு: முறிந்த துண்டுகள் விலகியிருக்கின்றனவா? அறுவையின்போது அவற்றை நேராக்கினால் பழைய சி.டி. வடிவமே செல்லாது, எவ்வளவு நுட்பமாகப் பொருத்தினாலும் பயனில்லை. அப்போது மேசையிலேயே முப்பரிமாணப் படம் எடுக்கும் சி-ஆர்ம் (C வடிவ எக்ஸ்ரே) கருவிதான் நல்லது. கதிர்வீச்சு உண்டு, ஆனால் படம் அந்த நேரத்து எலும்பைக் காட்டும். இந்த ஸ்குரூவைச் சாதாரண சி-ஆர்ம் எக்ஸ்ரே பார்த்தே சிறு துளை வழியாகப் போடும் தேர்ந்த கைகளும் உண்டு. துண்டுகள் விலகாமல் இருந்தால்தான் அல்ட்ராசவுண்ட் பற்றிய பேச்சு.

இந்த வசதி சில வழிகாட்டல் கருவிகளில் மட்டுமே உண்டு. இருக்கிறது என்றால், மருத்துவர் இதே இடத்தில் இதைப் பயன்படுத்திய அனுபவத்தையும், பொருத்தம் சரிதானா என்று துளையிடும் முன் எப்படிச் சோதிப்பார் என்பதையும் கேளுங்கள்.

கேமரா எலும்பைப் பின்தொடர, இடுப்பெலும்பில் ஓரிரு ஊசிகளைத் தற்காலிகமாகப் பதிப்பார்கள். முறிவில்லாத இடத்தில் சிறு காயம் இருந்தால் பதற வேண்டாம், அது அந்த ஊசிகளால் வந்ததாக இருக்கலாம்.