பெரிய டிஷ் மாட்டினால் ரேடியோ தெளிவாகக் கேட்குமா?

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. காலையில் எழுந்ததும் வானொலி வேண்டும். வீட்டில் எல்.இ.டி. பல்பும் இன்வெர்ட்டரும் வந்த பிறகு மீடியம் வேவில் இரைச்சல்தான் கேட்கிறது. டிடி ஃப்ரீ டிஷ்ஷில் ரேடியோ வரும் என்றார்கள், மாட்டினோம். எங்கள் பகுதி வானொலி நிலையம் அதில் இல்லை, தனியார் எஃப்.எம்.களும் இல்லை. வருகிற நிலையங்களும் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கின்றன. 90 செ.மீ. டிஷ்ஷும் தங்க முலாம் பூசிய எச்.டி.எம்.ஐ. ஒயரும் போட்டால் எல்லாம் சரியாகிவிடும், 3,500 ரூபாய் ஆகும் என்கிறார் டிஷ் மாட்டியவர். போடலாமா?

பதில்: வேண்டாம். அந்த 3,500 ரூபாயை அவரிடம் கொடுக்காதீர்கள்.

முதலில் நிலையம் இல்லாத விஷயம். ரிமோட்டில் 'டிவி/ரேடியோ' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால்தான் ரேடியோ பட்டியல் தனியாக வரும். டிவி சேனல்களுக்கு நடுவே தேடிவிட்டு இல்லை என்று முடிவு செய்தவர்கள் நிறைய. அதிலும் இல்லையென்றால் பாக்ஸின் மெனுவுக்குப் போய் ஒருமுறை முழு ஸ்கேன் போடுங்கள். ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் டிவி சேனல்களுக்கான இடம் ஏலத்தில் போகிறது. அதனால் சேனல் வரிசை அவ்வப்போது மாறும், பழைய ஸ்கேன் உதவாது. சில நிமிட வேலை, நீங்களே செய்யலாம். இதற்குத்தான் "சேனல் ஏத்தித் தர்றேன்" என்று வந்து 200, 300 வாங்கிக்கொண்டு போகிறார்கள். இன்னும் சிலர் "வருஷ ரீசார்ஜ்" என்றே கேட்கிறார்கள். 2004-ல் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியதிலிருந்து இந்தச் சேவைக்கு மாதச் சந்தாவும் கிடையாது, வருடச் சந்தாவும் கிடையாது. ரீசார்ஜ் என்று யார் கேட்டாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஸ்கேன் போட்டும் உங்கள் நிலையம் வரவில்லையா? அப்படியானால் அது மேலே செயற்கைக்கோளுக்கே ஏற்றப்படவில்லை. நாடு முழுவதும் 400-க்கும் மேற்பட்ட அகில இந்திய வானொலி நிலையங்கள் இருக்கின்றன. ஃப்ரீ டிஷ்ஷில் வானொலிக்கு இருப்பது சுமார் 48 இடங்கள். ஏற்றாத நிலையத்தை எந்த டிஷ்ஷும் இறக்கித் தராது. தனியார் எஃப்.எம்.முக்கு உரிமம் கொடுப்பதே ஒரு நகரத்துக்கு, ஓர் அலைவரிசைக்கு என்றுதான். அதையும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

இனி ஒலி. பழைய ஆன்டெனா காலத்தில் குழாயைத் திருப்பத் திருப்பப் படமும் சத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். அந்த நினைப்பு நம் மனதில் இன்னும் இருக்கிறது, அதை வைத்துத்தான் பெரிய டிஷ்ஷை விற்கிறார்கள். டிஜிட்டலில் அப்படிக் கிடையாது. அனுப்பும் இடத்திலேயே ஒலியைச் சுருக்கி எண்களாக மாற்றிவிடுகிறார்கள். டிஷ்ஷின் வேலை அந்த எண்களைத் தவறில்லாமல் பொறுக்குவது மட்டும். 60 செ.மீ. டிஷ் ஒழுங்காகப் பொறுக்கிவிட்டால், 90 செ.மீ. டிஷ்ஷும் அதே எண்களைத்தான் தரும். தங்க முலாம் ஒயரும் அதே எண்களைத்தான் கடத்தும். ஒரு ஸ்டீரியோ நிலையத்துக்கு நொடிக்கு 192 கிலோபிட் அளவு ஒதுக்கினால் காதுக்கு நிறைவாக இருக்கும். 64-க்கு இறுக்கினால் பாட்டு மங்கிப்போகும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. சாதாரணத் தரத்தில் ஒரு டிவி சேனல் நொடிக்கு 2 மெகாபிட், அதாவது 2,000 கிலோபிட் பிடிக்கிறது என்று வையுங்கள். அந்த இடத்தில் பத்து வானொலி நிலையங்களை 192-ல் வைக்கலாம். ஆனால் டிவி இடம் ஏலத்தில் பணம் தருகிறது, வானொலி தருவதில்லை. காலையில் வானொலியை நம்பி எழுந்திருக்கும் உங்கள் அம்மா மாதிரி ஆட்களை மனதில் வைத்து யாரும் இந்த இடத்தைப் பங்கிடுவதாகத் தெரியவில்லை. எத்தனை வருடமாகச் சொல்லியாயிற்று!

டிஷ்காரரைக் கூப்பிட வேண்டிய நேரம் ஒன்றே ஒன்றுதான். ஒலி மங்கலாக இல்லாமல் *அறுந்து அறுந்து* வந்தால் கூப்பிடலாம். பேச்சு நடுவில் நிற்கும், டக் டக் என்று வெட்டும், சில நொடி மௌனமாகும். எண்கள் தவறிப்போகின்றன என்று அர்த்தம். அப்போதும் பெரிய டிஷ்ஷுக்குப் போகாதீர்கள். கனமழை கொட்டும்போது மட்டும் வெட்டினால் அது கு பேண்ட் (Ku band) என்ற, இந்த டிஷ்ஷுக்கு வரும் அலைவரிசையின் இயல்பு, மழை விட்டதும் தானே சரியாகும். வெயிலிலும் வெட்டினால் மெனுவில் சிக்னல் குவாலிட்டியைப் பாருங்கள். பக்கத்திலேயே ஸ்ட்ரெங்த் என்று ஒரு கோடு இருக்கும், அது நிறைந்திருந்தாலும் நம்ப வேண்டாம். குவாலிட்டி ஏறி இறங்கினால் டிஷ் காற்றில் அசைந்து 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளை விட்டு விலகியிருக்கலாம். அல்லது டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற சின்னப் பெட்டியில் ஒயர் மாட்டும் இடத்தில் தண்ணீர் இறங்கிப் பச்சை பிடித்திருக்கலாம். நட்டை முறுக்கி, ஒயர் நுனியை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டு, டேப் சுற்றி, மழைநீர் வழிந்து சொட்ட ஒயரைக் கொஞ்சம் தொங்கவிட்டால் போதும். அரை மணி நேரக் கூலிதான்.

உங்கள் வீட்டில் வெட்டவில்லை, பானைக்குள் பேசுவதுபோல் இருக்கிறது. பாதிக் குற்றம் உங்கள் டிவியின் மேல் இருக்கும். மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் சின்னது, அதுவும் கீழே அல்லது சுவரைப் பார்த்து இருக்கும். டிவியின் ஒலி அமைப்பில் 'சரவுண்ட்' இருந்தால் அணைத்துவிடுங்கள், பேச்சைக் குழப்புவது அதுதான். பாக்ஸ் ரிமோட்டில் 'ஆடியோ' பொத்தானை அழுத்தி இடது, வலது, ஸ்டீரியோ மூன்றையும் மாற்றிக் கேளுங்கள். அப்புறம், வீட்டுப் பரணில் பழைய டேப் ரெக்கார்டர் செட்டோ ஆம்ப்ளிஃபையரோ கிடக்கிறதா? பாக்ஸின் பின்னால் இருக்கும் சிவப்பு, வெள்ளைத் துளைகளிலிருந்து ஒயரை எடுத்து அதன் 'ஆக்ஸ்' துளையில் செருகுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். நிலையத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு டிவியை அணைத்துவிடலாம், பாக்ஸ் ஓடினால் போதும்.

உங்கள் பகுதி நிலையத்துக்கு 'நியூஸ் ஆன் ஏர்' செயலியைத் தேடிப் பாருங்கள். 200-க்கும் மேற்பட்ட வானொலி நிலையங்கள் அதில் இருக்கின்றன. போனிலிருந்து ஒரு ஒயர் எடுத்து அதே ஆம்ப்ளிஃபையரில் கொடுக்கலாம். டிஷ்ஷிலும் சரி, செயலியிலும் சரி, ஒலி சில நொடி தாமதமாகத்தான் வரும். செய்திக்கு முன் அடிக்கும் மணியை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.