பேஸ்பால் சீசன் முழுக்கப் பந்தயம் கட்டும்போது, எந்த ஆட்டம் ஆபத்தானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு சும்மா கடந்துபோக முடியவில்லை. நீங்கள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர், இந்த வருடம்தான் பந்தய ஆப் இறக்கியிருக்கிறீர்கள், முதல் இரண்டு வாரம் கொஞ்சம் பணமும் வந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சமபலமான இரண்டு அணிகள் மோதினால் நீங்களே யோசித்துத்தான் கட்டுவீர்கள். கையைச் சுடுவது "இது கண்டிப்பா ஜெயிச்சிடும்" என்று தோன்றுகிற ஆட்டம்தான்.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். 2018 ஜூனிலிருந்து இங்கே இது சட்டப்படி நடக்கிறது. அதனால் "சூதாட்டத்தை வளர்க்கிறாயா" என்று கமெண்டில் வராதீர்கள். கேட்டவருக்குப் பதில் சொல்கிறேன், யாரையும் கட்டச் சொல்லவில்லை.

2022 ஆகஸ்ட், ஒரு வியாழக்கிழமை. எங்கள் பக்கத்து அணி, பந்து வீசுவது அவர்களுடைய நம்பர் ஒன் பிட்சர். எதிரே கடைசி இடத்தில் கிடந்த அணி. ஆட்ஸ் மைனஸ் 240, அதாவது 240 கட்டினால்தான் 100 லாபம். முந்தின ராத்திரியே 720 டாலர் கட்டினேன், ஜெயித்தால் 300 வரும். அந்த நேரத்தில் அதே அணிகளின் புதன்கிழமை ஆட்டமே இன்னும் முடியவில்லை. வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸில் (ஒவ்வொன்றிலும் இரு அணியும் ஒருமுறை பேட் பிடிக்கும்) முடிய வேண்டியது 12 வரை இழுத்திருக்கிறது, நான் தூங்கிவிட்டேன்.

வியாழன் ஆட்டம் பகல் 1:10-க்கு. தொடரின் கடைசி நாளில் இப்படிப் பகலில் வைப்பது வழக்கம், முடிந்ததும் அணி விமானம் ஏற வேண்டுமே. ஆபீஸில் பத்து மணி வாக்கில் லைன்அப், அதாவது அன்று இறங்குபவர்களின் பட்டியல், வந்தது. வழக்கமான கேட்சர் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) பெயர் இல்லை. மூன்றாவதாக பேட் பிடிப்பவரும் இல்லை. ராத்திரி முழுக்கக் குந்தியிருந்த கேட்சரை மறுநாள் பகலிலும் இறக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? கட்டும்போது நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பிட்சர் ஆறு இன்னிங்ஸ் பிரமாதமாகப் போட்டார், 4-1. 98 பந்து ஆனதும் எடுத்துவிட்டார்கள். ஏழாவதுக்கு வந்தது அன்று காலைதான் டிரிபிள்-ஏ-யிலிருந்து (பெரிய லீகுக்கு ஒரு படி கீழே) கூட்டிவந்த ஒரு பையன். புல்பென்னில், அதாவது மாற்று பிட்சர்களில், நம்பகமான மூன்று பேரும் தொடர்ந்து இரண்டு ராத்திரி வீசியிருந்தார்கள், வேறு ஆள் இல்லை. இரண்டு வாக் (தப்பான பந்துகளால் ஓசியில் முதல் தளம்), ஒரு டபுள் (இரண்டாம் தளம் வரை போகும் அடி), ஒரு ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி). எதிரணிக்கு 5-4. அப்படியே முடிந்தது.

இதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. போனில் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள் மாறுவதைத்தான் பார்த்தேன். ஆட்டங்களை இணையத்தில் பார்க்க வருட சந்தா கட்டியிருந்தும் உள்ளூர் அணியின் ஆட்டம் உள்ளூர்க்காரனுக்குத் தெரியாது, பிளாக்அவுட் என்று மறைத்துவிட்டார்கள். ஆயிரம் மைல் தள்ளி இருந்தவன் அதே சந்தாவில் ஜாலியாகப் பார்த்தான். வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் ஒரே பதிலை ஒட்டி அனுப்பினார்கள். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனாலும் இன்றுவரை ஆறவில்லை.

"ஒரே ஆட்டத்தை வைத்துப் பேசாதே" என்று யாராவது சொல்வார்கள். சரி, கணக்கையே பாருங்கள். மைனஸ் 240-ல் கைக்காசு போகாமல் இருக்கவே 100-க்கு 71 தடவை ஜெயிக்க வேண்டும். ஒரு அணி ஒரு சீசனில் ஆடும் 162 ஆட்டத்துக்கு அது 115. 162 ஆட்ட சீசன்களில் அந்த எண்ணிக்கையைத் தொட்டது ஒரே அணி, 116 ஜெயித்த 2001 சியாட்டில் மரைனர்ஸ். நல்ல பிட்சர் வரும் நாளில் வாய்ப்பு கூடும், மறுக்கவில்லை. ஆனால் 2024-ல் 121 ஆட்டம் தோற்ற சிகாகோ வைட் சாக்ஸ் கூட 41 ஆட்டம் ஜெயித்தது. அந்த 41 நாளும் எதிரணி மேல் பெரிய ஆட்ஸில் கட்டியவர்கள் இருந்திருப்பார்கள்.

இப்போது நான் முதலில் பார்ப்பது புல்பென். கடைசி மூன்று நாளில் யார் எத்தனை பந்து வீசினார்கள் என்ற பட்டியல் இலவசமாகவே கிடைக்கிறது. முக்கியமான இரண்டு பேர் களைத்திருந்தால், ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தொடுவதில்லை. ராத்திரி ஆட்டத்துக்கு மறுநாள் பகல் ஆட்டம் என்றால் லைன்அப் வரும்வரை காத்திருப்பேன். டென்வரில் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம், காற்று மெலிது, பந்து கூடுதல் தூரம் பறக்கும், மூன்று ரன் முன்னிலையெல்லாம் அங்கே ஒன்றுமில்லை. சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் மைதானத்தில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்காமல் இரு அணிகளின் மொத்த ரன் மேல் கட்டாதீர்கள்.

ஒன்று விட்டுவிட்டேன். அறிவித்த பிட்சர் கடைசி நேரத்தில் மாறினால் பந்தயம் ரத்தாகுமா, நிற்குமா என்பது ஒவ்வொரு ஆப்பிலும் ஒரு மாதிரி. சிலவற்றில் நீங்களே டிக் செய்ய வேண்டியிருக்கும். பணம் போடுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.